மூன்று மூலைக் காணியை எப்படி அளப்பது?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அக்கா வீட்டுக்குப் பின்னால், ஒழுங்கை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு மூன்று மூலைக் காணி விலைக்கு வந்தது. நல்ல செம்மண். ஒரு மூலையில் மாமரம், ஓரத்தில் நாலு பனை, மூன்று பக்கமும் பூவரசங் கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கொம்பு) வேலி. "இரண்டு பரப்பு தாராளமா வரும்" என்றார் தரகர். விலை பேசுவது பரப்பு என்ற எங்கள் ஊர்க் காணி அளவுக் கணக்கில். அக்காவுக்குக் காணி பிடித்துப்போயிற்று. அந்தத் 'தாராளமா' என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம்.

நான் பின்னேரங்களில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். முக்கோணியின் பரப்பளவு என்றால் அடிப்பக்கத்தின் பாதி தர (பெருக்கல்) செங்குத்துயரம் என்று நித்திரையிலும் சொல்லும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் காணிக்குள் இறங்கி நின்றால் எது அடி, எது உயரம், எங்கே நாடாவைப் பிடிப்பது என்பதெல்லாம் புதிதாகத் தெரியும். அளக்க நாலைந்து வழி இருக்கிறது. எந்தக் காணிக்கு எந்த வழி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அலகு. எங்கள் ஊர்க் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதால் ஒரு பரப்பு 10 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆகவே இரண்டு பரப்பு என்றால் 5,445 சதுர அடி இருக்க வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் தெரிந்த மேசன் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய வழி நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அதே வழிதான். நீளமான பக்கத்தை அளந்தார்: 126 அடி. பிறகு எதிர் மூலையில் நின்று, கண்ணால் நேர் பார்த்து, "இதுதான் நடு" என்று ஒரு தடி ஊன்றி, அதுவரை நாடாவைப் பிடித்தார்: 87 அடி 2 அங்குலம். அடிப்பக்கத்தின் பாதி 63. பெருக்கினால் 5,491 சதுர அடி. இரண்டு பரப்புக்கு மேல் 46 சதுர அடி. "பாத்தீங்களோ சேர், தரகர் சொன்னது சரிதான்" என்றார்.

நான் மூன்று பக்கத்தையும் அளந்து பார்ப்போம் என்றேன். மற்ற இரண்டு பக்கமும் 118 அடி, 97 அடி. மூன்று பக்கம் தெரிந்தால் உயரமே தேவையில்லை, ஹெரோனின் சூத்திரம் இருக்கிறது. மூன்றையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். கூட்டுத்தொகை 341, பாதி 170.5. அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிக்க வேண்டும்: 44.5, 52.5, 73.5. பிறகு 170.5 × 44.5 × 52.5 × 73.5 என்று நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு. பெருக்கினால் 29,277,301 வருகிறது. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5,411. இரண்டு பரப்புக்கு 34 சதுர அடி குறைவு.

ஒரே காணி, ஒரே நாடா. ஒரு வழியில் கூட, இன்னொரு வழியில் குறைய. யாரை நம்புவது?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மேசன் அண்ணையின் பெருக்கலில் பிழை இல்லை. பிழை அவர் ஊன்றிய தடியில். மூலையிலிருந்து ஒரு கோட்டுக்குப் போகும் வழிகளில் செங்குத்தாகப் போவதுதான் ஆகக் குறுகியது. கொஞ்சம் சரிந்தாலும் நீளம் கூடும், ஒருநாளும் குறையாது. அதனால் உயரத்தைக் கண்ணால் பார்த்து அளக்கும்போது வரும் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: காணி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். விற்கிறவருக்கு அது இலாபம், வாங்குகிறவருக்கு நட்டம்.

சரியான உயரம் எடுக்க மூலைமட்டம் கூடத் தேவையில்லை. நாடாவின் பூச்சிய முனையை எதிர் மூலைக் கதியாலில் அத்தானைப் பிடிக்கச் சொன்னேன். எதிர்ப் பக்க எல்லையில் ஒரு கயிறு இழுத்துக் கட்டினோம். நாடாவின் மறு நுனியை நான் பிடித்துக்கொண்டு, இறுக்கம் விடாமல், கயிற்றோரமாக நடந்தேன். மேசன் அண்ணையின் தடி இருந்த இடத்தில் 87 அடி 2. நடக்க நடக்க எண் இறங்கியது: 86 அடி 8, 86 அடி 3, 86. ஓரிடத்தில் 85 அடி 11 அங்குலத்தில் நின்று, அதற்கப்பால் மறுபடி ஏறத் தொடங்கியது. அந்த ஆகக் குறைந்த எண்தான் செங்குத்துயரம். தடிக்கும் அந்த இடத்துக்கும் இடையில் 15 அடி. 85 அடி 11ஐ 63ஆல் பெருக்கினால் 5,413. மூன்று பக்கக் கணக்கோடு 2 சதுர அடிதான் வித்தியாசம். மேசன் அண்ணை இரண்டு தரம் தானே நடந்து பார்த்தார். "உது நல்ல வழி சேர், அத்திவாரம் வெட்டுற இடத்திலயும் உதவும்" என்றார்.

ஆக, மூலையிலிருந்து எதிர் எல்லைவரை நடுவில் தடையில்லாத காணி என்றால் உயர வழி நல்லதுதான், நாடாவை ஆட்டிப் பார்த்து எடுத்தால். ஆனால் எங்கள் ஊர்க் காணிகளில் நடுவில் கிணறு இருக்கும், இல்லாவிட்டால் வீடே இருக்கும், வாழைத் தோட்டம் இருக்கும். அப்படியான இடத்தில் உள்ளுக்குள் நாடா ஓடாது. வேலியோரமாக மூன்று பக்கத்தையும் அளந்துவிடலாம். அதோடு இன்னொரு நன்மை: மூன்று பக்கத்தை அளந்தால் வேலிக்கு வேண்டிய சுற்றளவும் கையில் வந்துவிடும். உயர வழியில் பரப்பளவு மட்டும்தான் கிடைக்கும், வேலி அடைக்க மறுபடி அளக்க வேண்டும்.

பக்கங்களை அளக்கும்போதும் கவனம் வேண்டும். எங்களிடம் இருந்தது 100 அடி நாடா. 126 அடியை இரண்டு தரமாகத்தான் அளக்க முடியும். நடுவில் ஊன்றும் தடி இரண்டு மூலைக்கும் நேர் கோட்டில் நிற்கவேண்டும். விலகினால் நீளம் கூடும். நாடா தொய்ந்தாலும் கூடும். வேலியின் வளைவோடு சேர்ந்து போனாலும் கூடும். மூன்று பக்கமும் 3 அங்குலம் கூட வந்திருந்தால் இந்தக் காணியில் ஏறக்குறைய 25 சதுர அடி கூடக் காட்டும். அதாவது எங்கள் 5,411இல் பிழை இருந்தால்கூட உண்மையான அளவு இன்னும் குறையத்தான் வாய்ப்பு. ஒன்றுக்கு மட்டும் மாற்றுப் பேச்சு உண்டு: பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருந்தால் அளவைக் குறைத்துக் காட்டும். அளக்கத் தொடங்குமுன் இரும்பு நாடாவோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அங்குலத்தில் வழுக்கி விழுகிறவர்களும் பலர். 97 அடி 6 அங்குலம் என்பது 97.5, 97.6 அல்ல. படிப்பித்த பிள்ளைகளிடம் நான் ஆகக் கூடுதலாகத் திருத்திய பிழை இதுதான் என்று நினைக்கிறேன். அங்குலத்தை 12ஆல் வகுத்த பிறகுதான் புள்ளி வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கதியால் வேலியில் எது எல்லை? பூவரசு பருத்து ஒரு முழம் அகலத்துக்கு நிற்கிறது. வேலிக்கு உட்பக்கமாக நாடா பிடித்தால் ஒரு அளவு, கதியாலின் நடுவில் பிடித்தால் இன்னொரு அளவு. மூன்று பக்கமும் அரை அடி உள்ளே தள்ளி அளந்தால் 341 அடிச் சுற்றளவில் ஏறக்குறைய 170 சதுர அடி போய்விடும். அது அரைப் பேர்ச்சுக்கும் மேல். சூத்திரத்துக்குச் சூத்திரம் வரும் வித்தியாசம் எல்லாம் இதற்கு முன்னால் சிறிது. நாங்கள் கதியாலின் நடுக்கோட்டில் அளந்தோம், பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை முதலில் பேசி முடியுங்கள். பிறகு வரும் மனவருத்தம் ஒரு தலைமுறைக்கு நிற்கும், நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் எப்போதும் ஹெரோன்தானா? இல்லை. மெல்லிய, நீண்ட முக்கோணியில் அவர் வழி ஆளைக் கைவிடும். ஒழுங்கையோரத்தில் வால் மாதிரி நீளும் துண்டுக் காணிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கங்கள் 200, 150, 52 அடி என்று வைப்போம். பாதிச் சுற்றளவு 201. அதிலிருந்து 200ஐக் கழித்தால் மிஞ்சுவது 1 மட்டும். முழுக் கணக்கும் அந்த ஒற்றை அடியில் தொங்குகிறது. பரப்பளவு 1,236 சதுர அடி. இப்போது 200ஐ அரை அடி பிழையாக 200.5 என்று எழுதிவிட்டோம் என்றால் 1,074தான் வரும். அரை அடிப் பிழைக்கு 160 சதுர அடிக்கு மேல் காணாமல் போயிற்று. இதே காணியில் உயரம் 12 அடி 4 அங்குலம். கையெட்டும் தூரம் மாதிரித்தான், நாடாவை ஆட்டி அளப்பது சுலபம். உயரத்தில் அரை அடி பிழைத்தாலும் பரப்பளவு 50 சதுர அடிதான் மாறும், 12 அடியில் அரை அடி பிழைப்பதும் அரிது. ஆகவே இரண்டு சிறு பக்கங்களின் கூட்டுத்தொகை பெரிய பக்கத்தை ஒட்டி வந்தால் மூன்று பக்கக் கணக்கை விட்டுவிட்டு உயரத்துக்குப் போய்விடுங்கள். ஒட்டாமல், குறைந்தே போனால், அப்படி ஒரு முக்கோணியே கிடையாது. ஒருதரம் ஒருவர் கொண்டுவந்த கைப்படத்தில் 140, 80, 55 என்று இருந்தது. 80உம் 55உம் கூட்டினால் 135. அந்த இரண்டு வேலியும் ஒன்றையொன்று தொடவே முடியாது. காணியைப் பார்க்கப் போகுமுன்பே படம் பிழை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பக்கமும் இடையில் உள்ள கோணமும் தெரிந்தால் இரண்டு பக்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கி, கோணத்தின் சைனால் பெருக்கலாம். அக்காவின் காணியில் 118க்கும் 97க்கும் இடையில் 71 பாகை. கணக்கு அதே 5,411தான். ஆனால் கோணத்தை எதால் அளப்பது? பிள்ளைகளின் பாகைமானியை வேலி மூலையில் வைத்துப் பார்த்தால் 3 பாகை பிழைப்பது ஒன்றுமேயில்லை. 74 என்று வாசித்தால் 5,501 ஆகிவிடும், 68 என்றால் 5,306. கோணம் 90ஐ ஒட்டியிருந்தால் மட்டும் இந்தப் பிழை அதிகம் பாதிக்காது. நாடாவால் கோணம் எடுக்கலாம்: மூலையிலிருந்து இரண்டு வேலியிலும் 10 அடி தள்ளிக் குறித்து, குறிகளுக்கிடையில் அளந்தால் 11 அடி 7 அங்குலம் சொச்சம் வரும், அதிலிருந்து 71ஐக் கணக்கிடலாம். ஆனால் அவ்வளவு பாடுபடுகிறவர் மூன்றாம் பக்கத்தையே அளந்துவிடலாம். மூன்றாம் பக்கம் கிணற்றுக்கும் கட்டிடத்துக்கும் குறுக்கே போகிற இடத்தில் மட்டும் இந்த வழிக்கு வேலை இருக்கிறது.

மூலை செங்கோணம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எல்லாம் சுலபம். செங்கோணத்தை அடுத்த இரண்டு பக்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் முடிந்தது. நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். மேசன்மார் 3, 4, 5 என்று பிடிப்பார்களே, அதை 9, 12, 15 அடியாகப் பிடித்தால் இன்னும் நம்பலாம். செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) காணப் பழைய தமிழ்க் கணக்கில் ஒரு சுருக்கு வழி உண்டு. செங்கோணத்தை அடுத்த இரண்டு பக்கத்தில் நீளமானதில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, மற்றதன் பாதியைச் சேர்க்க வேண்டும். 4க்கு 3.5, 3க்கு 1.5, சேர்ந்து 5. 12உம் 5உம் என்றால் 10.5உம் 2.5உம் சேர்ந்து 13. வர்க்கமூலம் தெரியாமலே விடை வருகிற அழகு எனக்கு மிகவும் பிடிக்கும், பிள்ளைகளுக்கு ஆசையோடு சொல்லிக் கொடுப்பேன். ஆனால் இரண்டு பக்கமும் 100 அடியாக உள்ள காணிக்கு அது 137.5 என்று சொல்லும், உண்மை 141.4. கிட்டத்தட்ட 4 அடி வேலி குறைந்துபோகும். மனக்கணக்கில் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், கம்பி வாங்கப் போகும்போது பைதகரசின் தேற்றத்தையே பிடியுங்கள்.

சூத்திரமே வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் மனதார விரும்பிச் சொல்கிற வழி கடதாசி. ஒரு ஏ4 தாளில் 5 அடிக்கு 1 சென்ரிமீற்றர் என்று வைத்து 25.2 சென்ரிமீற்றரில் அடிப்பக்கத்தை வரையுங்கள். கவராயத்தை 23.6க்கும் 19.4க்கும் விரித்து இரண்டு முனையிலிருந்தும் வில் வெட்டினால் மூன்றாம் மூலை கிடைக்கும். மூலைமட்டத்தை வைத்து உயரத்தை அளந்தால் 17.2 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும், அதாவது 86 அடி. பென்சில் முனையின் தடிப்பில் அரை மில்லிமீற்றர் தவறினால் 16 சதுர அடி மாறும். ஆகவே 34 சதுர அடிச் சண்டையைத் தீர்க்க இது போதுமானதல்ல. ஆனால் ஹெரோனில் எங்காவது பெருக்கல் பிழைத்திருந்தால் உடனே காட்டிக் கொடுக்கும். அக்கா சூத்திரத்தை நம்பவில்லை, இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

போனில் காணியைச் சுற்றி நடந்தால் பரப்பளவு காட்டும் செயலிகள் வந்திருக்கின்றன. அத்தானின் முதல் யோசனை அதுதான். திறந்த வெளியிலேயே போன் காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீற்றர் தள்ளிப்போகும், அது 16 அடி. மாமரத்துக்குக் கீழே இன்னும் மோசம். சில ஏக்கர் வயலுக்கு மேலோட்டமாகப் பார்க்க உதவும். இரண்டு பரப்புக் காணிக்கு வேண்டாம்.

அளப்பதற்கே சோம்பல்பட்டு வேலி நீளத்தை வைத்துக் காணியை மதிப்பிடுகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 341 அடி வேலி என்றவுடன் இரண்டு பரப்பு என்று நினைத்துவிடக்கூடாது. 165, 120, 56 அடிப் பக்கங்களோடு ஒரு முக்கோணி, அதன் சுற்றளவும் அதே 341தான். பரப்பளவு 2,329 சதுர அடி. ஒரு பரப்புக்கூட இல்லை. அதே வேலி, அதே கதியால், அரைவாசிக் காணிகூடக் கிடையாது. 341 அடிக்குள் ஒரு முக்கோணிக்கு ஆகக் கூடிய பரப்பளவு மூன்று பக்கமும் சமமாக இருக்கும்போதுதான் வரும், அதுவும் 5,595தான்.

நாலு மூலைக் காணி வைத்திருப்பவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது வழக்கம். அதுவும் மூலைகள் செங்கோணமாக இல்லாத காணியைக் கூட்டித்தான் காட்டும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நாடா பிடித்து இரண்டு முக்கோணியாக்கிவிட்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள். ஐந்து அளவு போதும்.

இத்தனையும் விலை பேசுவதற்கு முன்னால் நாங்களே செய்துகொள்வது. உறுதி எழுத, எல்லை போட, வங்கியில் வைக்க இது எதுவும் செல்லாது. அதற்குப் பதிவு பெற்ற நில அளவையாளர் வந்து கல் நட்டுப் பிளான் கீற வேண்டும். அவருக்குக் கொடுக்கும் காசில் கை வைக்க நினைக்காதீர்கள். ஆனால் அவர் வருமுன் நீங்கள் ஒருதரம் அளந்திருந்தால் தரகரோடு பேசும்போது வாய் தடுமாறாது.

அக்காவுக்காக நான் எழுதிக் கொடுத்த கடதாசியில் இரண்டே வரிதான்: மூன்று பக்கம் 126, 118, 97, உயரம் 85 அடி 11, பரப்பளவு 19.9 பேர்ச். தரகர் முதலில் முகம் சுளித்தார். நாடாவைக் கையில் கொடுத்து அவரையே கயிற்றோரமாக நடக்கச் சொன்னோம், நடந்தார். இரண்டு கிழமை கழித்து நில அளவையாளரின் பிளான் வந்தது: 0.0503 ஹெக்டேயர். எங்கள் 5,411 சதுர அடியை மாற்றினால் 502.7 சதுர மீற்றர், அதே 0.0503. முழு இரண்டு பரப்பு என்றால் 0.0506 இருந்திருக்க வேண்டும். 19.9 பேர்ச்சுக்கு விலை முடிந்தது.

இனி வேலி. படலைக்கு 10 அடி விட்டால் மிச்சம் 331 அடி. ஐந்து வரி முட்கம்பி என்று அத்தான் பிடிவாதமாக நிற்கிறார், 1,655 அடி. மூலைகளில் சுற்றவும் முடிச்சுக்கும் சேர்த்து 1,700 அடிக்குச் சொல்லியாயிற்று. பூவரசு பாட்டுக்கு அப்படியே நிற்கும்.